வேலூரில் இருந்தபடியே ஊடகப் பணிக்கும் ஆய்வுக்கும் தயாராவது எப்படி?

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் காட்சித் தொடர்பியலோ இதழியலோ படிக்கும் மாணவர்களில் பலர், பட்டம் வாங்கியதும் காட்பாடியில் சென்னைக்கு ரயிலேறினால்தான் ஊடகத்தில் கால்பதிக்க முடியும் என்று எண்ணுகிறார்கள். வேலை தேடிச் சென்னைக்குப் போவதில் தவறில்லை. ஆனால், அங்கே காட்டுவதற்கான உழைப்பைச் சொந்த மாவட்டத்தில்தான் சேர்க்க வேண்டும். செய்தியாளராக விரும்புகிறவருக்கும் முனைவர் பட்டம் பெற விரும்புகிறவருக்கும் தொடக்கப் பயிற்சி ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து: உள்ளூர்க் கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆவணங்களையும் ஆட்களையும் தேடி, அதைக் கடைசிவரை பின்தொடர வேண்டும்.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்வு நாள் கூட்டம் இதற்கு நல்ல தொடக்கம். சத்துவாச்சாரியிலுள்ள அலுவலகத்துக்குச் சென்று, மனு கொடுக்க வந்த ஒருவரிடம் பேசி, அவருடைய ஒப்புதலோடு மனுவைப் படித்துப் பாருங்கள். பட்டா மாறுதல் தொடர்பான மனு என்றால், சர்வே எண், வட்டம், முன்பு மனு கொடுத்த தேதிகள், கையிலுள்ள ஒப்புகைச் சீட்டு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் விளக்கம் கேளுங்கள். பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். இப்படி உழைத்து எழுதிய நான்கைந்து செய்திகள் கோப்பில் இருந்தால், நேர்காணலில் மதிப்பெண் பட்டியலைவிட அவையே அதிகம் பேசும்.

பணிவாய்ப்பு என்றதும் நிருபர், தொகுப்பாளர் என்ற இரண்டு மட்டுமே நினைவுக்கு வருகின்றன. துணை ஆசிரியர், பக்க வடிவமைப்பாளர், காணொளித் தொகுப்பாளர், தகவல் சரிபார்ப்பாளர் ஆகிய பணிகளுக்கும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். மருத்துவமனைகளும் கல்வி நிறுவனங்களும் நிறைந்த வேலூரில், நோயாளிகளுக்குப் புரியும் தமிழில் எழுதத் தெரிந்தவருக்கு மக்கள் தொடர்புத் துறையிலும் இடமுண்டு. அரசுப் பணியை விரும்புகிறவர்கள் குடிமைப் பணித் தேர்வு வழியாக இந்தியத் தகவல் பணிக்குச் செல்லலாம். வட்டார அளவில் பகுதிநேர நிருபராகச் சேர விரும்பினால், ஊதியம் மாதச் சம்பளமா, செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கா என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

இனி, ஆய்வுக்கு வருவோம். ‘இளைஞர்களிடையே சமூக ஊடகத்தின் தாக்கம்’ போன்ற தலைப்பைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். எந்த ஊருக்கும் பொருந்தும் அந்தத் தலைப்பில் புதிதாகச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. இந்த மண்ணிலேயே கேள்விகள் கிடக்கின்றன. பாலாற்றில் கலந்த தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பற்றிய வழக்கில்தான், வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் மனுமீது 1996-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அந்தப் பிரச்சினையைத் தமிழ் நாளிதழ்கள் எப்படி எழுதின, யாருடைய குரலுக்கு இடம் தந்தன என்பது முனைவர் பட்டத்துக்கே போதுமான கேள்வி.

முதுகலை ஆய்வேட்டுக்கு அதைச் சுருக்கிக்கொள்ளுங்கள்: ஒரே நாளிதழ், ஒரே ஆண்டு. ஆண்டு முழுவதையும் படிக்க நேரமில்லை என்றால், அந்த ஆண்டின் எல்லாத் திங்கட்கிழமைகளிலிருந்தும் குலுக்கல் முறையில் ஒன்று, செவ்வாய்க்கிழமைகளிலிருந்து ஒன்று என ஏழு நாட்களைத் தேர்ந்து ஒரு வாரத்தை உருவாக்குங்கள். இப்படி இரண்டு மூன்று வாரங்களை அமைக்கலாம். பாலாற்றுச் செய்தி அன்றாடம் வராது என்பதால், இந்த மாதிரியில் கிடைப்பவை மிகக் குறைவாக இருந்தால், தயங்காமல் ஆண்டின் எல்லா இதழ்களையும் புரட்டிவிடுங்கள். பிறகு, ஒவ்வொரு செய்தியையும் வகைப்படுத்திக் குறிக்க, குறியீட்டுப் படிவம் ஒன்றைத் தயாரியுங்கள். தேதி, பக்கம், செய்தியின் நீளம், படம் உண்டா, முதலில் மேற்கோள் காட்டப்பட்டவர் யார், அவர் அதிகாரியா, ஆலை உரிமையாளரா, விவசாயியா, தோல் பதனிடும் தொழிலாளியா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் வேண்டும். விவசாயச் சங்கத் தலைவராகவும் கட்சிப் பிரமுகராகவும் ஒருவரே இருந்தால் எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்ற விதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள். உங்களுக்குத் தெரியாமலே உங்கள் அளவுகோல் மாறிவிடக்கூடிய இடம் இதுதான். செய்திகளில் ஒரு பகுதியை இன்னொருவரும் தனியாகக் குறியிடட்டும். இருவர் முடிவும் பல இடங்களில் வேறுபட்டால் திருத்த வேண்டியது விதியைத்தான்.

எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தொழிலாளர்களைச் சந்தியுங்கள். பலர் வீட்டில் உருது பேசுகிறவர்கள் என்பதால், அம்மொழி அறிந்த நண்பரோடு செல்வது மரியாதை மட்டுமல்ல, முறையியல் தேவையும்கூட. பெயரை வெளியிட்டால் வேலை போகுமா என்று கேட்டறிந்து, ஒப்புதல் பெற்ற பிறகே ஒலிப்பதிவு செய்யுங்கள்.

ஆய்வை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள நினைத்தால், உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் நடத்தப்படும் யுஜிசி நெட் தேர்வில் இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் தாளுக்கு இப்போதே படியுங்கள். பொதுத் தாள், பாடத் தாள் இரண்டுக்கும் சேர்த்து 150 வினாக்கள், 300 மதிப்பெண்கள், 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். ஆகவே, தமிழ்வழியில் படித்தவர்கள் தொடர்பியல் கோட்பாடுகளின் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்தே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, முனைவர் பட்ட ஆய்வை வழிநடத்தும் நெறியாளரைத் தேடுங்கள். சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம் ஆனாலும் சென்னைப் பல்கலைக்கழகம் ஆனாலும், அவரிடம் இதற்குமுன் ஆய்வு செய்தவர்களின் ஆய்வேடுகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்கா தளத்தில் படித்துவிட்டுச் சந்தியுங்கள். போகும்போது இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். உங்கள் கேள்வி, இதுவரை பிறர் கண்டது, எந்த இதழ்களின் எந்த ஆண்டுகள், அவை எந்த நூலகத்தில் கிடைக்கின்றன, ஏற்கெனவே குறியிட்டுப் பார்த்த 20 செய்திகளில் தெரிந்தது ஆகியவை அதில் இருந்தால் போதும்.