குமரி மாவட்டத்துக்குக் குதிரைப் பந்தயம் இலாபமா? கணக்குப் பார்க்கும் முறை

ஒரு மாநிலத்துக்கோ மாவட்டத்துக்கோ குதிரைப் பந்தயத்தைக் கொண்டுவர வேண்டும் என்று வாதிடுவோர், அரசுக்கு வரி கிடைக்கும், உள்ளூருக்கு வேலை கிடைக்கும், சுற்றுலா வளரும் என்றுதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். கிண்டியிலும் உதகையிலும் உள்ள பந்தய மைதான நிலங்களை மீட்க 2024இல் தமிழக அரசு நடவடிக்கை எடுத்த பிறகு, இந்த விளையாட்டுக்கு வேறு இடம் தேடும் பேச்சு எழுவது இயல்பே. அத்தகைய திட்டம் ஒன்று நம் மாவட்டத்துக்கு வந்தால், ஊராட்சி உறுப்பினர்களும் பொதுமக்களும் அதன் பொருளாதாரக் கணக்கை எப்படிச் சரிபார்க்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

திட்ட அறிக்கையில் முதலில் கண்ணில் படுவது மொத்தப் பந்தயத் தொகையாக இருக்கும். அதை வருமானம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டோட் எனப்படும் டோட்டலிசேட்டர் முறையில், எல்லோரும் கட்டிய பணம் ஒரே தொகுப்பில் சேர்ந்து, வரியும் பந்தயத்தை நடத்தும் கிளப் பிடித்துக்கொள்ளும் பங்கும் போக மீதி வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. வென்றவர் அந்தப் பணத்தையே அடுத்த ஓட்டத்தில் கட்டினால் அது மீண்டும் ஒருமுறை மொத்தத் தொகையில் சேர்ந்துகொள்ளும் என்பதால், ஒருவர் கொண்டுவந்த 1,000 ரூபாய் மாலைக்குள் 3,000 ரூபாயாகக் கணக்கில் தோன்றக்கூடும். எனவே கிளப்பின் கையில் நிற்பது எவ்வளவு, அதில் பரிசுத் தொகைக்கும் ஓடுதளப் பராமரிப்புக்கும் போனபின் மிஞ்சுவது எவ்வளவு என்று தனித்தனியே கேளுங்கள். வேறு நகரங்களில் நடக்கும் ஓட்டங்களின் மீது இங்கே கட்டப்படும் பணத்தையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஓட்டங்களுக்கான குதிரைகளும் லாயங்களும் அந்த நகரங்களில்தான் இருக்கும், நம் ஊரில் அவற்றால் வேலை உண்டாகாது.

அடுத்தது வரி. 2017க்கு முன் பந்தய வரி மாநில அரசின் கையில் இருந்தது. பின்னர் அது ஜிஎஸ்டியில் சேர்ந்தது. 2023 அக்டோபரில் பந்தயத்தின் முழு மதிப்பின் மீது 28 விழுக்காடு என்று உறுதி செய்யப்பட்ட வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாக உயர்ந்தது. 100 ரூபாய் பந்தயத்துக்கு 40 ரூபாய் வரி என்றால், அதில் பாதி மத்திய அரசுக்கும் பாதி மாநில அரசுக்கும் போகும். மைதானம் அமையும் ஊராட்சிக்கு நேரடியாக வருவது சொத்து வரி போன்ற உள்ளூர் வரிகள்தான். வரி உயர்ந்தால் பந்தயம் கட்டுவோர், கணக்கில் வராமல் பந்தயப் பணம் வாங்கும் புக்கிகளிடம் போய்விடுகிறார்கள் என்று கிளப்புகள் நெடுநாளாக முறையிட்டு வருகின்றன. பழைய வரி விகிதத்தில் கிடைத்த தொகையை வைத்து எழுதப்பட்ட வருவாய் மதிப்பீட்டை ஆகவே ஏற்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி நிலம். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கும் மேல் வாழும் மாவட்டம் இது. கிண்டி மைதானத்தின் அளவு ஏறத்தாழ 160 ஏக்கர். நம் வழக்கப்படி சொன்னால் 16,000 சென்ட், சாலைகளை விட்டுவிட்டால் 5 சென்ட் வீட்டுமனைகள் 3,200. அவ்வளவு சமதளம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் பார்வை தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் வயல்கள் மீதுதான் விழும். கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் விளையும் நஞ்சையையும் அதற்கு நீர் தரும் குளங்களையும் ஓடுதளத்துக்காக இழப்பதை எந்த வருவாயும் ஈடுசெய்யாது என்பது என் உறுதியான கருத்து. ஆரல்வாய்மொழிப் பக்கத்துப் புன்செய் நிலம் என்றால் பேசிப் பார்க்கலாம். அங்கும் தண்ணீருக்கு வழி காட்ட வேண்டும். அரசு நிலம் குத்தகைக்குத் தரப்படுமானால் கிண்டியை நினைவில் கொள்ளுங்கள்: 1945இல் 99 ஆண்டுகளுக்கு ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம் என்று போடப்பட்ட குத்தகை, பின்னர் 730 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட நிலுவையை அரசு கேட்க, நீதிமன்ற வழக்கில் போய் முடிந்தது. குத்தகைக் காலம் குறுகியதாக இருக்க வேண்டும். வாடகை சந்தை மதிப்போடு இணைந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்பட வேண்டும். பந்தயம் நின்றால் நிலம் திரும்பும் என்ற விதியும் எழுத்தில் இருக்க வேண்டும்.

வேலைவாய்ப்பில், நிரந்தர வேலைகளையும் பந்தய நாளில் மட்டும் கிடைக்கும் வேலைகளையும் பிரியுங்கள். பயிற்சியாளர், ஜாக்கி, லாடம் அடிப்பவர், குதிரைப் பராமரிப்பாளர் ஆகியோர் தொடக்கத்தில் பழைய பந்தய நகரங்களிலிருந்தே வருவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் ஏற்பாடு ஒப்பந்தத்தில் இல்லையென்றால், காவலும் துப்புரவும்தான் நமக்கு மிஞ்சும். ஓட்ஸும் குதிரை மசால் என்னும் தீவனப் பயிரும் வெளியிலிருந்து வர வேண்டும். சாணம் தோவாளைப் பூந்தோட்டங்களுக்கு நல்ல உரமாகும் என்பதை மறுக்கவில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் மாவட்டத்தில் எத்தனை பந்தய நாட்கள் தேறும் என்பதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

சுற்றுலாவைப் பொறுத்தவரை, சூரிய உதயம் பார்க்கவும் திருவள்ளுவர் சிலைக்கும் ஏற்கெனவே வருபவர்களைப் பந்தயத்தின் கணக்கில் எழுதக் கூடாது; பந்தயத்துக்காகவே வந்து தங்குபவர்களை மட்டும் எண்ணுங்கள்.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அதைத் தடை செய்த 1974ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டத்தால் எழுந்த வழக்கை முடித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு, தோற்பவர் வீட்டுச் செலவைப் பற்றியது அல்ல. தமிழ்நாட்டில் லாட்டரி 2003இல் தடை செய்யப்பட்ட பின்னும், களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்தில் சீட்டு வாங்கும் பழக்கத்தை நம் மாவட்டம் அறியும். கட்டப்படும் பணம் வெளியூரிலிருந்து வந்தால் வரவு. மீன்பிடித் துறையிலும் ரப்பர் தோட்டத்திலும் ஈட்டிய கூலியிலிருந்து வந்தால், கடைவீதியில் செலவாகியிருக்க வேண்டிய பணம் இடம் மாறுகிறது, அவ்வளவே. இந்தப் பங்கீட்டைக் காட்டாத அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

திட்ட அறிக்கையும் குத்தகை வரைவும் கிடைக்காவிட்டால், 10 ரூபாய் கட்டணத்துடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஆவணங்கள் கைக்கு வந்ததும், அடுத்த கிராம சபையில் மேற்கண்ட கேள்விகளை ஒவ்வொன்றாக எழுப்பி, விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள்.