புது பாய்லர் போடப் போகிறீர்களா? கழிவுநீர்க் குழாயை முதலில் பாருங்கள்

குளிர் நாட்டுக்கு வந்து, கடன்பட்டு ஒரு பழைய வீட்டை வாங்கி, அதில் வெந்நீரைச் சுற்றவிட்டு வீட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்த கேஸ் பாய்லர் உயிரை விட்ட பிறகு கண்டென்சிங் பாய்லர் போடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாடகை வீட்டில் இருப்பவர்களும் படித்து வையுங்கள். நடுங்கப் போவது நீங்கள்தான், வீட்டுக்காரர் அல்லர்.

எல்லோரும் சொல்லும் விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உரிமம் பெற்றவரைத் தவிர யாரையும் கேஸ் இணைப்பில் கைவைக்க விடாதீர்கள், பாதிக் கூலிக்குச் செய்து தருகிறேன் என்று தெரிந்தவரே வந்தாலும் சரி. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கான அலாரம் ஒன்றை மாட்டுங்கள். பழைய ரேடியேட்டர்களில் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் உலோகப் பலகைகளில்) படிந்திருக்கும் கறுப்புச் சேற்றைக் கழுவி வெளியேற்றிய பிறகே புதியதை இணைக்க வேண்டும். துரு உள்ளே போகாமல் பிடிக்க ஒரு காந்த வடிகட்டியும் கேளுங்கள். சான்றிதழும் உத்தரவாதச் சீட்டும் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம்.

இனி என் கதை. கேஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது. பழைய பாய்லர்கள் அதை அப்படியே வெளியே ஊதிவிடும். கண்டென்சிங் பாய்லரோ, ரேடியேட்டர்களைச் சுற்றி ஆறித் திரும்பும் நீரைக் கொண்டு அந்த ஆவியைக் குளிர்வித்து, அதிலிருக்கும் வெப்பத்தையும் பிடுங்கிக்கொள்கிறது. மிஞ்சுவது நீர். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் வரை வரலாம். கடுங்குளிர் நாளில் ஒரு வாளி நிறைந்துவிடும். லேசான அமிலத்தன்மை உள்ள நீர் என்பதால் உலோகக் குழாயை அரித்துவிடும். அதை வெளியேற்றப் பிளாஸ்டிக் குழாய்தான் வேண்டும்.

அந்தக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று நான் கேட்கவே இல்லை. எந்த நிறுவனத் தயாரிப்பு, எத்தனை கிலோவாட், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று மூன்று பேரிடம் விலை விசாரித்து, பேரம் பேசி முடித்த பெருமை வேறு. வந்தவர் சமையலறைத் தொட்டியின் கழிவுக் குழாயோடு உள்ளேயே இணைத்திருக்கலாம். அரை நாள் வேலை மிச்சமாகட்டும் என்று சுவரைத் துளைத்து, விரல் பருமனுள்ள குழாயை வெயிலே படாத வடக்குச் சுவரில் ஐந்து மீட்டர் ஓட்டிவிட்டுப் போனார். வெயில் ஊரில் வளர்ந்த எனக்கு, குழாய் சுவருக்கு வெளியே ஓடுவதில் என்ன தவறு என்று தோன்றியது.

முதல் குளிர்காலத்திலேயே தெரிந்தது. மைனஸ் 8 டிகிரி இரவு ஒன்றில் பாய்லர் களகளவென்று ஓசை எழுப்பி, ஏதோ ஒரு பிழை எண்ணைக் காட்டி, நின்றுவிட்டது. சொட்டுச் சொட்டாக வந்த நீர் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொண்டதால், பின்னால் வந்த நீர் பாய்லருக்கே ஏறிவிட்டது. வீடியோ அழைப்பில் அந்த ஓசையைக் கேட்ட அம்மா, “அதற்கும் சளி பிடித்துவிட்டதா?” என்றார். கிட்டத்தட்ட சரிதான்.

மறுநாள் வந்த பழுதுபார்ப்பவர் குழாய்க்கு வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுத்தார், பொத்தானை அழுத்தினார், பாய்லர் ஓடியது. பத்து நிமிடம். அதற்கு அவர் நீட்டிய ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன். இதை நீங்களே செய்யலாம். ஆனால் கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள். குழாய் விரிசல்விடும், தரையில் வழிந்தது உறைந்து உங்களையே வழுக்கிவிடும். அடுத்த மாதம் கூடுதல் கூலி கொடுத்து, குழாயை வீட்டுக்குள்ளேயே திருப்பினேன்.

ஆகவே, விலைப்பட்டியலில் கையெழுத்திடும் முன்பே குழாயின் வழியை எழுத்தில் வாங்குங்கள். உள்ளே வழியே இல்லை என்றால், வெளியே செல்லும் பகுதி 3 மீட்டருக்குள் இருக்கட்டும். உள்விட்டம் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் சரிவும், குளிரைத் தடுக்கும், மழையில் நனையாத மேலுறையும் வேண்டும். “இங்கே அவ்வளவு குளிராது” என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. பாய்லரைப் பொருத்திய அதே ஆள் ரேடியேட்டருக்குப் போகும் நீரை 80 டிகிரிக்கு வைத்துவிட்டுப் போயிருந்தார். திரும்பி வரும் நீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஆவி நீராகும். அதற்கு மேல் இருந்தால் கண்டென்சிங் என்ற பெயருக்குக் கொடுத்த பணம் வீண். நான் 60 டிகிரிக்கு இறக்கினேன். (வெந்நீர்த் தொட்டி தனியாக இருந்தால் அதன் வெப்பத்தை 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள், கிருமி வளரும்.) ரேடியேட்டர் கையைச் சுடவில்லையே, மறுபடியும் நின்றுவிட்டதா என்று மனைவி ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அறை வெப்பமானி 20 டிகிரியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.