ஃபோட்டான் ஜோடியைத் தூரத்துக்கு அனுப்பும்போது செய்யக் கூடாதவை

போன வாரம் கோலாலம்பூரில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த தம்பி, "அண்ணே, கவுண்ட் படுத்துருச்சு. விண்டோவை 1 நானோவிலேர்ந்து 10 ஆக்கிட்டேன், இப்ப நல்லா வருது" என்றான், முகமெல்லாம் சிரிப்பு. கவுண்ட் என்றால் வினாடிக்கு எண்ணும் எண்ணிக்கை, அவன் சொன்னது ஜோடிகளின் எண்ணிக்கை. விண்டோ என்றால் இரண்டு ஃபோட்டான் (ஒளித்துகள்) ஒன்றாக வந்ததாகக் கொள்ள நாம் விடும் நேர இடைவெளி, நானோ வினாடிக் கணக்கில். ஆறு வருஷத்துக்கு முன் அதையே செய்தவன் நான்.

லென்சைத் துடைக்க மறப்பது, விளக்கை அணைக்காமல் எண்ணுவது எல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும். அவற்றை விடுங்கள்.

விண்டோவைப் பெரிதாக்குவது

எங்கள் அமைப்பில் 532 நானோமீட்டர் லேசர் படிகத்தில் விழுந்து, குவாண்டம் பின்னலில் உள்ள, அதாவது எவ்வளவு தள்ளி அளந்தாலும் முடிவுகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும், ஃபோட்டான் ஜோடியைத் தருகிறது. 810 நானோமீட்டர் ஃபோட்டான் மேசையிலேயே அளக்கப்படும். 1550 நானோமீட்டர் ஃபோட்டான் 20 கிலோமீட்டர் ஃபைபர் சுருளுக்குள் போகும். இரண்டு உணர்கருவியும் விண்டோ நேரத்துக்குள் அடித்தால் ஜோடி என்று எண்ணுகிறோம். சம்பந்தமில்லாத இரண்டும் அப்படி ஒன்றாக விழும். எவ்வளவு? இரு பக்கக் கவுண்டையும் விண்டோவையும் பெருக்குங்கள். இங்கே வினாடிக்கு 200,000, அங்கே 5,000 என்றால், 10 நானோ விண்டோவில் வினாடிக்கு 10 போலி. உச்ச அளவில் உண்மையான ஜோடியே 20 தான். விசிபிலிட்டி, அதாவது ஜோடி எண்ணிக்கையின் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு தெளிவு என்ற அளவு, 50 விழுக்காட்டுக்கு இறங்கும். பெல் சோதனையின் எஸ் 1.41. பின்னல் இருக்கிறது என்று காட்ட அது தாண்ட வேண்டியது 2. அதே ஜோடிகள், 1 நானோ விண்டோ: போலி 1, எஸ் 2.57.

சரி, கவுண்ட் ஏன் படுத்தது? ஏர்கோன். சாயங்காலம் 6 மணிக்கு அணைத்துவிடுவார்கள், அறை 8 டிகிரி ஏறிவிடும். ஃபைபரில் கிலோமீட்டருக்கு, டிகிரிக்கு, சுமார் 40 பிக்கோ வினாடி தாமதம் கூடும். 20 கிலோமீட்டருக்கு 6 நானோவுக்கு மேல். ஜோடிகள் தொலையவில்லை, உச்சி நகர்ந்து விண்டோவுக்கு வெளியே நிற்கிறது. எந்தத் தாமதத்தில் எத்தனை ஜோடி என்று காட்டும் வரைபடத்தை மறுபடி எடுத்து, உச்சி எங்கே என்று பார்த்து, விண்டோவை அங்கே நகர்த்த வேண்டும். நான் செய்தது, விண்டோவை அகலப்படுத்தியது. பதிவான நேரங்களைச் சேமித்திருந்தால் பிறகாவது சரிசெய்திருக்கலாம். கூட்டுத்தொகையை மட்டும்தான் வைத்திருந்தேன். மூன்று வார இரவுகள் குப்பைக்குப் போயின. இப்போது நினைத்தாலும் எரிகிறது.

கவுண்ட் குறைவதில் வெட்கம் என்ன? 2017இல் மிசியஸ் செயற்கைக்கோள் சீனாவில் 1,203 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரு நிலையங்களுக்கு ஜோடிகளை அனுப்பியபோது, வினாடிக்கு ஏறக்குறைய ஒன்றுதான் சிக்கியது. எஸ் 2.37.

810ஐ ஃபைபரில் விடுவது

கிலோமீட்டருக்கு 3 டெசிபல் போகும். 20 கிலோமீட்டரில் பத்து லட்சத்துக்கு ஒன்று மிஞ்சும்.

ஓடும்போது ஃபைபரைத் தொடுவது

முனைவாக்கம், அதாவது ஒளி அதிரும் திசை, திரும்பிவிடும். கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

போலியைக் கழித்த எஸ்ஸை மட்டும் எழுதுவது

கழிக்காததையும் எழுதுங்கள்.

சுருளைத் தரையில் வைப்பது

அறையின் சூடு சட்டென்று ஏறாமலிருக்க, சௌகிட் பசாரில் ஒரு மீன்காரரிடம் வாங்கிய வெள்ளை நுரைப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். உச்சி இப்போது மெதுவாகத்தான் நகர்கிறது. வாடைதான் போக மாட்டேன் என்கிறது.