தடை தாண்டும் குதிரைப் பந்தயங்களைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களே தடை தாண்டும் குதிரைப் பந்தயங்களின் முக்கியப் பருவம். ஒரு மைதானத்தில் ஒரு நாளில் பெரும்பாலும் ஆறு அல்லது ஏழு பந்தயங்கள் நடக்கும். அந்த நாளின் பந்தயப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வெல்லக்கூடிய குதிரைகளை முன்கூட்டியே கணிக்க முயல்பவர்களில் பலர், தெரிந்த பெயரொன்றைக் கண்டதும் அதில் மனத்தை நிறுத்தி, பிறகு அதற்கான காரணங்களைத் தேடத் தொடங்குகிறார்கள். மற்றப் பெரும்பாலான தவறுகள் இந்த ஒரு பழக்கத்திலிருந்தே பிறக்கின்றன. இன்றைய பந்தயம் எதைக் கேட்கிறது என்பதை முதலில் எழுதிக்கொண்டு, அதைக் கொடுக்கக்கூடிய குதிரை எது என்று அதற்குப் பிறகு தேடுவதே சரியான வரிசை.

கிண்டி, ஊட்டி பந்தயங்களைப் பார்த்துப் பழகிய தமிழர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. அவை தடைகளற்ற சமதளப் பந்தயங்கள். 1200 மீட்டர் ஓட்டத்தில் எந்த எண் கூண்டிலிருந்து குதிரை புறப்படுகிறது என்பதுகூட முடிவை மாற்றும். தடை தாண்டும் பந்தயங்களில் புறப்பாட்டுக் கூண்டே கிடையாது; குறுக்கே பிடித்த நாடாவை விடுவித்ததும் குதிரைகள் ஓடத் தொடங்கும். மிகக் குறைந்த தூரமே சுமார் 2 மைல். கிராண்ட் நேஷனல் என்ற புகழ்பெற்ற பந்தயம் 4 மைலுக்கும் அதிகம். ஹர்டில் எனப்படும் சிறு தடை குறைந்தது மூன்றரை அடி உயரமும், சேஸ் பந்தயங்களில் வரும் ஃபென்ஸ் குறைந்தது நாலரை அடி உயரமும் கொண்டவை. எனவே சமதள ஓட்டத்தில் காட்டிய வேகத்தை மட்டும் வைத்து ஒரு குதிரையை ஹர்டிலில் நம்புவது, தாண்டும் திறனையும் தாங்கும் திறனையும் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவதாகும்.

தரையின் நிலையைப் போகிற போக்கில் பார்த்துவிட்டு நகர்வது இந்தத் துறையின் மிகப் பெரிய தவறு என்று உறுதியாகச் சொல்வேன். குட் (நல்ல தரை), குட் டு சாஃப்ட், சாஃப்ட் (ஈரத்தால் இளகிய தரை), ஹெவி (சேறான தரை) என்று மைதான அலுவலர்கள் அறிவிக்கும் ஒவ்வொரு சொல்லும் ஏறக்குறைய வெவ்வேறு விளையாட்டைக் குறிக்கிறது. அயர்லாந்தில் யீல்டிங் என்ற சொல்லும் வழங்குகிறது. அது குட்டுக்கும் சாஃப்ட்டுக்கும் இடைப்பட்ட நிலை. ஹெவி தரையில் ஒவ்வொரு அடியிலும் குளம்பு புதைந்து மீள்வதால், துள்ளலாக ஓடும் குதிரை தன் முழு வேகத்தையே எட்டாமல் களைத்துப்போகும். வலுவாக, நிதானமான தாளத்தில் ஓடும் குதிரையோ அதே தரையில் மற்றவற்றை நசுக்கிவிடும். 2017 நவம்பரில் ஹேடாக் மைதானத்தின் ஹெவி தரையில் பிரிஸ்டல் டி மாய் என்ற சாம்பல் நிறக் குதிரை பெட்ஃபேர் சேஸ் பந்தயத்தை 57 லெங்த் (ஒரு லெங்த் என்பது ஏறக்குறைய ஒரு குதிரையின் நீளம்) இடைவெளியில் வென்றது. அடுத்த மாதமே கெம்ப்டனில் நடந்த கிங் ஜார்ஜ் சேஸில் மைட் பைட் வென்றது. பிரிஸ்டல் டி மாய் முதல் மூன்று இடங்களுக்குள்கூட வரவில்லை. ஆனால் அதே குதிரை 2018, 2020 ஆம் ஆண்டுகளில் ஹேடாக்கிற்குத் திரும்பி அதே பெட்ஃபேர் சேஸை மீண்டும் வென்றது. அந்த 57 லெங்த்தைக் குதிரையின் பொதுவான தரமாக எடுத்துக்கொண்டவர்கள் ஏமாந்தார்கள். அந்த மைதானத்துக்கான தரமாக எடுத்துக்கொண்டவர்கள் பின்னர் பலன் கண்டார்கள்.

முந்தின நாள் மாலை படித்த தரை அறிக்கையை மறுநாள் காலையில் சரிபார்க்காமல் விடுவதும் இதே வகையைச் சேர்ந்தது. இரவில் பெய்த மழை குட் டு சாஃப்ட்டை சாஃப்ட் ஆக்கிவிடலாம். அதைக் கண்டு சில பயிற்சியாளர்கள் தங்கள் குதிரைகளை விலக்கிக்கொள்வார்கள். ஒரே மைதானத்தில் ஹர்டில் பாதையின் தரையும் சேஸ் பாதையின் தரையும் வேறுபடுவது சாதாரணம் என்பதால், எந்தப் பாதைக்கு எந்த நிலை என்பதைத் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். வளைவுகளில் உள்வேலியை நகர்த்தும்போது பந்தய தூரம் சில பத்து கஜங்களோ அதற்கு மேலோ கூடும். அதையும் அறிவிக்கிறார்கள், ஆனால் படிப்பவர்கள் குறைவு. தூரத்தையும் தரையையும் சேர்த்தே எடைபோட வேண்டும்: ஹெவி தரையில் இரண்டரை மைல் ஓடுவதற்கு, நல்ல தரையில் 3 மைல் ஓடக்கூடிய தாங்குசக்தி தேவைப்படலாம். நல்ல தரையில் இரண்டரை மைலைத் தட்டுத்தடுமாறி முடித்த குதிரையை, அதே தூரம்தானே என்று அங்கே தேர்ந்தெடுப்பது வீண்.

மைதானத்தின் வடிவமும் அதே அளவுக்கு முடிவைத் தீர்மானிக்கிறது. செல்ட்டனம் இடப்புறமாகச் சுற்றும், ஏற்ற இறக்கங்கள் நிறைந்த மைதானம். கடைசித் தடையைத் தாண்டிய பிறகும் வெற்றிக்கம்பம் வரை மேடேற வேண்டும். கெம்ப்டன் வலப்புறமாகச் சுற்றும், தட்டையான மைதானம். தடைகளை வேகம் குறையாமல் தாண்டும் குதிரைக்கு அது சாதகமானது. சாண்டவுனின் பின்நேர்ப்பாதையில் ரயில்வே ஃபென்ஸ்கள் எனப்படும் மூன்று தடைகள் நெருக்கமாக அடுத்தடுத்து வருகின்றன. முதலாவதில் தாளம் தவறிய குதிரைக்கு அடுத்த இரண்டுக்குள் சுதாரிக்க இடமிருக்காது. சில குதிரைகள் ஒரு பக்கம் சாய்ந்தே தாண்டும் இயல்புடையவை; வலப்பக்கம் சாயும் குதிரை இடப்புறம் சுற்றும் மைதானத்தில் ஒவ்வொரு தடையிலும் நிலத்தை இழக்கும். கோஷன் என்ற குதிரை இதற்குத் தெளிவான சான்று. 2021 பிப்ரவரியில் வலப்புறம் சுற்றும் விங்கன்டனில் எளிதாக வென்ற அது, அடுத்த மாதம் செல்ட்டனத்தின் சாம்பியன் ஹர்டிலில் வலப்பக்கமாக விலகி விலகி ஓடி, போட்டியிலிருந்தே காணாமல் போனது. விங்கன்டன் வெற்றியின் பெருமையைப் பார்த்தவர்கள், அது எந்தத் திசையில் கிடைத்தது என்பதைப் பார்க்கத் தவறினார்கள்.

பெயருக்கு அருகில் அச்சிடப்படும் எண்களையும் எழுத்துகளையும் மேலோட்டமாகப் படிப்பது அடுத்த தவறு. எண்கள் முந்தைய ஓட்டங்களில் பெற்ற இடங்கள். வலக்கோடியில் இருப்பதே அண்மைய ஓட்டம். எஃப் என்றால் குதிரை விழுந்தது. யு என்றால் ஜாக்கி சேணத்திலிருந்து வீழ்ந்தார். இன்னொரு குதிரை விழுந்ததால் இடறி விழுந்ததற்கும், ஜாக்கி ஓட்டத்தை நடுவிலேயே நிறுத்தியதற்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. ஆனால் எங்கே, எந்த நிலையில், எதனால் என்பதை அந்த ஒற்றை எழுத்து சொல்வதில்லை. 2022 செல்ட்டனம் விழாவில் காலோபன் தே ஷாம் என்ற குதிரை மற்றவற்றை வெகுவாகப் பின்தள்ளி ஓடி வந்து, கடைசி ஃபென்ஸைத் தாண்டி இறங்கும்போது விழுந்தது. அதன் பெயரருகே அச்சானது ஒரு எஃப் மட்டுமே. அதுவே செல்ட்டனத்தின் தலையாய சேஸ் பந்தயமான கோல்டு கப்பை 2023, 2024 ஆம் ஆண்டுகளில் வென்ற குதிரை. மாறாக, தொடக்கத் தடைகளிலேயே தடுமாறித் தடுமாறிப் பின்தங்கி, கடைசியில் விழுந்த குதிரைக்கும் அதே எழுத்துதான் கிடைக்கும். முடிந்தவரை அந்த ஓட்டத்தின் காணொளியையோ, குறைந்தபட்சம் எழுத்து வடிவ வர்ணனையையோ பார்க்காமல் ஒரு குதிரையை நீக்கவும் கூடாது, மன்னிக்கவும் கூடாது. ஓட்டம் நிறுத்தப்பட்ட குதிரைகளில் சிலவற்றுக்கு மூச்சுக்குழாய்க் கோளாறு இருந்திருக்கும். மூச்சு அறுவை சிகிச்சை செய்யப்பட்ட குதிரைகளை அவ்வாறே அறிவிக்க வேண்டும் என்ற விதி பிரிட்டனில் 2018 முதல் நடைமுறையில் உள்ளது. பந்தயப் பட்டியலில் அந்தக் குறிப்பு இருக்கும். சிகிச்சைக்குப் பிந்தைய முதல் ஓட்டத்தில் முன்னேற்றம் வரலாம் என்றாலும், அந்தக் குறிப்பு ஒன்றே போதுமான காரணமாகாது.

ஹேண்டிகேப் பந்தயங்களில் ஒவ்வொரு குதிரையும் தன் ரேட்டிங்கிற்கேற்ப, அதாவது அதன் திறனை மதிப்பிடும் எண்ணுக்கேற்ப, சுமை தாங்கி ஓடும். அடுத்தடுத்து வென்ற குதிரைதான் நல்ல நிலையில் இருக்கிறது என்று அதையே எடுப்பவர்கள், ஒவ்வொரு வெற்றிக்கும் அதன் ரேட்டிங் உயர்ந்து சுமை கூடியிருப்பதை மறக்கிறார்கள். 3 மைல் அளவிலான ஓட்டங்களில் ஒரு பவுண்டு எடை சுமார் ஒரு லெங்த்துக்குச் சமம் என்பது தோராயமான வழக்கம். 2 லெங்த்தில் வென்ற குதிரை 7 பவுண்டு கூடுதலாகச் சுமந்து வந்தால், அது உண்மையிலேயே முன்னேறியிருந்தால் மட்டுமே மீண்டும் வெல்லும். பிரிட்டனில் ஹர்டிலுக்கும் சேஸுக்கும் தனித்தனி ரேட்டிங் உண்டு என்பதையும் பார்க்க வேண்டும்: ஒன்றில் உயர்ந்து நிற்கும் குதிரை மற்றொன்றில் இன்னும் சகாயமான எண்ணில் இருக்கலாம். இளம் ஜாக்கிகளுக்குக் கிடைக்கும் சுமைக் குறைப்புச் சலுகையும் கணக்கில் வர வேண்டும். 20 வெற்றிகள் வரை 7 பவுண்டு, 40 வரை 5, 75 வரை 3 என அது படிப்படியாகக் குறையும்; சலுகை தீரும் தறுவாயிலுள்ள திறமையான இளைஞர் ஒருவர் சேணத்தில் இருப்பது, புதியவர் ஒருவருக்குக் கிடைக்கும் 7 பவுண்டைவிடப் பெரும்பாலும் மதிப்புள்ளது.

கண்மறைப்பு, நாக்குக் கட்டு போன்ற உபகரணங்கள் முதல்முறை பூட்டப்படும்போது அதைக் குறித்துக்கொண்டால் போதும். அதன் பேரில் தேர்வு செய்ய வேண்டாம்.

பெரிய பயிற்சிக்கூடங்களின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள், அதே கூடத்தின் இரண்டு மூன்று குதிரைகள் ஒரே பந்தயத்தில் ஓடும்போது முதல் ஜாக்கி எதில் ஏறுகிறாரோ அதையே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுகிறார்கள். 2021 கோல்டு கப்பில் பயிற்சியாளர் ஹென்றி டி பிரோம்ஹெட்டின் இரு குதிரைகளில் ரேச்சல் பிளாக்மோர் ஏறியது ஏ ப்ளஸ் டார்டில். ஜேக் கென்னடி ஏறிய மினெல்லா இன்டோ வென்றது, ஏ ப்ளஸ் டார்ட் இரண்டாவதாக வந்தது. அடுத்த ஆண்டு ஏ ப்ளஸ் டார்டே 15 லெங்த்தில் வென்றது, கோல்டு கப்பை வென்ற முதல் பெண் ஜாக்கி ஆனார் பிளாக்மோர். குதிரையை அன்றாடம் அறிந்த, தலைசிறந்த ஒருவருக்கே இரண்டுக்கும் இடையில் தீர்ப்புச் சொல்வது இவ்வளவு கடினம் எனும்போது, ஜாக்கியின் தேர்வு ஒரு தகவலே தவிர முடிவு ஆகாது.

ஃபேவரிட், அதாவது வெல்லும் என்று சந்தை மிக அதிகம் நம்பும் குதிரை, வென்றே தீரும் என்று எழுதுவதும், ஃபேவரிட்டை எதிர்ப்பதுதான் அறிவு என்று எழுதுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். ஃபேவரிட்டுகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பந்தயத்தில் வெல்கின்றன; அதாவது அவை மற்ற எந்தக் குதிரையையும்விட அதிகம் வெல்கின்றன, தோற்பதோ அதைவிட அதிகம். 2025 சாம்பியன் ஹர்டிலில் அதுவரை ஹர்டிலில் தோல்வியே அறியாத கான்ஸ்டிட்யூஷன் ஹில் நடுவழியில் விழுந்தது; பிறகு முன்னணியில் வந்த ஸ்டேட் மேன் கடைசி ஹர்டிலில் விழுந்தது; 25/1 விலையிலிருந்த (1 வைத்தால் 25 லாபம்) கோல்டன் ஏஸ் வென்றது. முன்னோட்டம் எழுதுபவர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது. ஆனால் தடைகள் இருக்கும் பந்தயத்தில் எந்தக் குதிரைக்கும் முழு நிச்சயம் தர முடியாது என்பதை எண்ணில் சொல்லியிருக்க முடியும். விலையை வாய்ப்பாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் இதற்கு உதவும்: 4/1 என்றால் நூற்றுக்கு 20, 2/1 என்றால் சுமார் 33, 6/4 என்றால் 40. ஒரு பந்தயத்தின் எல்லாக் குதிரைகளின் விலைகளையும் இப்படி மாற்றிக் கூட்டினால் தொகை நூறைத் தாண்டும். அந்த மிகுதிதான் புக்கியின், அதாவது பந்தயப் பணம் ஏற்பவரின், லாபம். ஒரு குதிரை வெல்ல நூற்றுக்கு 25 வாய்ப்புண்டு என்று நீங்கள் கணித்திருக்க, சந்தை அதற்கு 40 தந்தால், வெல்லக்கூடிய குதிரை அதுவே என்றாலும் பரிந்துரைக்கத்தக்க தேர்வு அது அல்ல என்று வாசகருக்குச் சொல்வதே நேர்மை.

ஏழு பந்தயங்களுக்கும் ஏழு பெயர்களை ஒரே உறுதியோடு எழுதிவிடும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். தடை தாண்டி அனுபவமே இல்லாத புதுக் குதிரைகள் நிறைந்த பந்தயத்தையும், ஐந்தாறு பருவங்களாக ஓடிவரும் சேஸ் குதிரைகளின் பந்தயத்தையும் ஒரே அளவு நம்பிக்கையோடு அணுக முடியாது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பல நாட்களில் கடைசிப் பந்தயமாக வருவது பம்பர் எனப்படும் தடைகளற்ற ஓட்டம். பிற்காலத்தில் தடை தாண்டப்போகும் இளம் குதிரைகள் அனுபவம் பெறுவதற்காக ஓடும் பந்தயம் அது. அந்தக் குதிரைகளில் பலவற்றுக்கு முந்தைய ஓட்டமே இருக்காது, கணிக்கத் தேவையான தகவல் அன்றைய நாளிலேயே மிகக் குறைவாக இருப்பது அங்கேதான். முந்தைய பந்தயங்களில் தவறியவற்றையெல்லாம் ஈடுகட்ட வேண்டும் என்ற தவிப்பில் பலர் தங்கள் பெரிய தொகையை வைப்பதும் அதே பந்தயத்தில்தான். அந்தப் பந்தயத்துக்கு எதிரே பெயர் எதையும் எழுதாமல் இடத்தைக் காலியாக விடலாம். பந்தயம் தொடங்குமுன் குதிரைகள் நடத்திக் காட்டப்படும்போது அவற்றின் உடற்கட்டையும் அமைதியையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று மட்டும் குறிப்பிடலாம்.