ஒரே சுவிட்சில் எல்லாத் தளங்களுக்கும் 'என் தகவலை விற்காதே'

கலிபோர்னியாவில் இருப்பவர்கள் ஒவ்வொரு தளத்தின் அடியிலும் 'என் தகவலை விற்காதே, பகிராதே' இணைப்பைத் தேடி அலைய வேண்டாம். பிரவுசரில் குளோபல் பிரைவசி கன்ட்ரோல் (ஜிபிசி) என்ற, இந்த மறுப்பை எல்லாத் தளங்களுக்கும் தானாகச் சொல்லும் வசதியை ஒருமுறை ஆன் செய்தால் போதும். ஃபயர்பாக்ஸில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் இதற்கான டிக் பெட்டி இருக்கிறது. பிரேவ், டக்டக்கோ பிரவுசர்களில் தானாகவே ஆன் ஆகியிருக்கும். குரோமுக்குப் பிரைவசி பேட்ஜர் போன்ற எக்ஸ்டென்ஷன் தேவை.

நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரவுசர் 'செக்-ஜிபிசி: 1' என்ற வரியைச் சேர்த்து அனுப்பும். இந்தச் சிக்னலைத் தகவல் விற்பனைக்கும் பகிர்வுக்குமான முறையான மறுப்பாக ஏற்பது, கலிபோர்னியாவின் தனியுரிமைச் சட்ட வரம்புக்குள் வரும் நிறுவனங்களுக்குக் கட்டாயம். வெறும் வேண்டுகோள் என்று ஒதுக்கிவிட முடியாது: இந்தச் சிக்னலை மதிக்காததும் சேர்ந்த வழக்கில் அழகுசாதனக் கடை நிறுவனமான செஃபோரா 2022-ல் 12 லட்சம் டாலர் கட்டியது.

ஆன் செய்த கையோடு, அடிக்கடி வாங்கும் கடைகளின் தளங்களில் அதே பிரவுசரில் ஒருமுறை லாகின் செய்யுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். லாகின் இல்லையென்றால் நீங்கள் யாரென்று கடைக்குத் தெரியாது. மறுப்பு அந்த பிரவுசரோடு நின்றுவிடும். லாகின் செய்தால் உங்கள் கணக்குக்கும் சேர்த்தே பொருந்தும்.

மொபைல் ஆப்களுக்கு இந்தச் சிக்னல் போகாது. ஐபோனில் டிராக்கிங் அனுமதியை நிறுத்துங்கள், ஆண்ட்ராய்டில் விளம்பர ஐடியை நீக்குங்கள். ஏற்கெனவே கைமாறிய தகவலும் இதனால் அழியாது. அதற்குத் தனியாக நீக்கல் கோரிக்கை கொடுக்க வேண்டும். விளம்பரங்களும் வந்துகொண்டுதான் இருக்கும்.