கஷ்டப் பிரதேசப் பாடசாலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் வெருகல், மூதூர், குச்சவெளிப் பக்கத்து வசதி குறைந்த, கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்குப் புதிதாக நியமனம் பெற்று வரும் ஆசிரியர்களையும், உதவி செய்ய வரும் சங்கங்களையும் கவனித்து வருகிறேன். எங்கள் காலத்தில் நாங்கள் விட்ட அதே பிழைகள்தான் திரும்பவும் நடக்கின்றன. நேரத்துக்கு வராதது, பாடக்குறிப்பு எழுதாதது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

நல்ல ஆசிரியரைத் தரம் 5க்கு மட்டும் கொடுப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். தரம் 5 பிள்ளைகள் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சை என்றதும் முழுப் பாடசாலையும் நான்கைந்து பிள்ளைகளின் பின்னால் ஓடுகிறது. மாலை வகுப்பு, மாதிரி வினாத்தாள், சங்கம் கொடுக்கும் பால்மா எல்லாம் அவர்களுக்கே. அனுபவமுள்ள ஆசிரியர் தரம் 5க்கு. தரம் 1க்கு யார் மிஞ்சினாரோ அவர். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் படம் வாசலில் பதாகையாகத் தொங்கும். அடுத்த வருடம் அந்தப் பிள்ளை நகரப் பாடசாலைக்குப் போய்விடும். மிச்சப் பிள்ளைகள் இங்கேயேதான் இருப்பார்கள், வாசிக்கத் தெரியாமல்.

மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 6இல் ஒரு பையன். கரும்பலகையில் இருப்பதை அச்சுப்போல எழுதுவான். கொப்பி முழுக்கச் சிவப்பு மையில் 'நன்று'. எழுதியதை வாசி என்றேன். 'ட'வையும் 'ப'வையும் மாறி மாறிச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இத்தனை வருடத்தில் அவனைத் தனியாக இருத்தி வாசிக்கக் கேட்டவர் ஒருவருமில்லை. வசதியுள்ள வீடு என்றால் தாயோ பிரத்தியேக வகுப்பு ஆசிரியரோ முன்பே கண்டுபிடித்திருப்பார். இவனுடைய தாய் மத்திய கிழக்கில் வேலை செய்கிறார்; வளர்க்கும் அம்மம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பாடசாலை விட்டதைப் பிடிக்க வேறு ஆள் இல்லை. அதனால்தான் இந்தத் தவறு இங்கே இவ்வளவு நட்டம் தருகிறது.

இலங்கையில் 1980 முதல் பாடப்புத்தகம் இலவசம். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது பையில் ஒரு சுமைதான். கென்யக் கிராமப் பாடசாலைகளில் புத்தகம் கொடுத்து ஆராய்ந்தபோது, ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களின் புள்ளிகள்தான் கூடின. அந்த ஆய்வாளர்களில் ஒருவரான மைக்கேல் கிரேமர் 2019இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். பரிசை அவருடன் பகிர்ந்த அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் இந்தியாவின் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து சோதித்த வழி இன்னும் எளிது. எழுத்து, சொல், பந்தி, கதை என்று பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அதைப் பார்த்துக் குழுவாக்கி, தினமும் கொஞ்ச நேரம் கற்பிப்பது. வயதும் வகுப்பும் அங்கே கணக்கில்லை.

சரி, எங்கே தொடங்குவது? முதலாம் தவணையிலேயே தரம் 3 முதல் மேலே ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி ஒரு பந்தி வாசிக்கக் கேளுங்கள். பெயருக்கு எதிரே படியைக் குறியுங்கள். காலையில் முதல் பாடவேளையை இந்தக் குழுக்களுக்கு ஒதுக்குங்கள். உங்களில் பொறுமையும் அனுபவமும் கூடியவரைத் தரம் 1க்கு விடுங்கள். அதிபர் மறுத்தால் திரும்பத் திரும்பக் கேளுங்கள். இப்படிப் படித்துத்தான் அந்தப் பையன் வருட முடிவுக்குள் பத்திரிகைத் தலைப்பை வாசித்தான்.

வராத பிள்ளையைச் சோம்பேறி என்பது

அறுவடைக் காலத்தில் தாய் வயலுக்குப் போனால் மூத்த பெண் பிள்ளை தம்பியைப் பார்க்க வீட்டில் நிற்கும். கரையோரத்தில் பையன்கள் வலை இழுக்கப் போவார்கள். இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போங்கள். "தம்பியையும் கூட்டிக்கொண்டு வா பிள்ளை" என்று சொன்னதும் வந்த அக்காமார் உண்டு. அப்புறம், பெற்றோர் கூட்டத்தைக் காலை 10 மணிக்கு வைக்காதீர்கள். கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

நூலகத்தைப் பூட்டி வைப்பது

கிழிந்தால் கிழியட்டும், திறந்து விடுங்கள்.

எதையும் ஒப்படைக்காமல் இடமாற்றம் போவது

கஷ்டப் பிரதேச சேவைக் காலம் முடிந்ததும் ஊருக்குப் போக நினைப்பது குற்றமில்லை. போகும்போது பிள்ளைகளின் படியைக் குறித்த அந்த வாசிப்புப் பதிவை அடுத்தவர் கையில் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்; பிள்ளைக்கு இன்னொரு தவணை வீண்.