ஓய்வு பெற்றோர் சங்கம்: நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்ய வேண்டாம்

எங்கள் செயலாளர் ஒரு மார்கழி மாதம் திடீரென்று இறந்துபோனார். பதினோரு வருடம் சங்கத்தைத் தோளில் சுமந்த மனுஷன். கருமாதி முடிந்த பிறகு தயங்கித் தயங்கி அவர் வீட்டுக்குப் போய்ச் சங்கத்துப் புத்தகங்களைக் கேட்டோம். அவருடைய மனைவி அலுமாரியைத் திறந்து காட்டினார். கூட்ட அறிக்கைப் புத்தகம் ஒன்று இருந்தது, அதற்கு முந்தியவை இல்லை. ரசீதுப் புத்தகத்தில் பாதி இருந்தது. உறுப்பினர்களின் போன் நம்பர் எல்லாம் அவருடைய போனுக்குள், அதன் பூட்டு எண் அவருக்கு மட்டும்தான் தெரியும். யார் எத்தனை மாதம் சந்தா பாக்கி, பிள்ளைகளோடு கொழும்புக்குப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர் ஞாபகத்தில் மட்டும் இருந்தன. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எல்லாவற்றையும் அவர் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, வருடத்துக்கு ஒரு தடவை மாலை போட்டுக் கைதட்டியது நாங்கள்தான்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டக் கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவ, கொட்டகலை என்று பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள்தான் எங்கள் சங்கம். அந்தச் சாவுக்குப் பிறகு சங்கத்தை மறுபடியும் எழுப்ப இரண்டு வருடம் பிடித்தது. வேறு சங்கங்களிலும் இதே தவறுகளைப் பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நல்ல மனுஷன் ஒருவர் கிடைத்ததும் எல்லாப் பொறுப்பையும் அவரிடமே விட்டுவிடுவதுதான் முதல் தவறு, மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது. "அவர் இருக்கிறாரே, பார்த்துக்கொள்வார்" என்று ஒரு கூட்டத்தில் கேட்டால், அன்றைக்கே ஒரு துணைச் செயலாளரைப் போடுங்கள். பேருக்கு அல்ல. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூட்ட அறிக்கையை அவரே எழுதட்டும், கடிதத்தை அவரே போடட்டும். பிழை வரும், வரட்டும். உறுப்பினர் பட்டியலைக் கடதாசியில் அச்சடித்து மூன்று வீடுகளில் வையுங்கள். அறிக்கைப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்புங்கள், ஏனென்றால் நம்முடைய ஈரத்துக்கும் மூடுபனிக்கும் எந்தப் புத்தகமும் பல வருடம் தாங்காது, பூஞ்சணம் பிடித்துப் பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிவிடும்.

அடுத்த தவறு மலையகத்துக்கே உரியது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், மனேஜரான பெரிய துரை, அவருக்கு உதவியான சின்ன துரை, தேயிலை ஸ்டோரைப் பார்க்கும் டீமேக்கர், பெரிய கிளாக்கர், மலை வேலையைப் பார்க்கும் கண்டக்டர், அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளை, கங்காணி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு படி இருந்தது. யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும், யார் வாசலோடு திரும்ப வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் படி மனதுக்குள் அப்படியே நிற்கிறது. எங்கள் முதல் கூட்டங்களில் ஒன்றில், முன்னாள் துரை ஒருவர் தானே எழுந்து ஒரு பழைய கணக்கப்பிள்ளைக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அந்த மனுஷனுக்கு எண்பது வயது. "இல்லீங்க தொர, நான் நின்னுக்கிறேன்" என்றார். கூட்டம் முடியும் வரை நின்றார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் அந்தத் தோட்டத்தின் கதை முழுக்கத் தெரிந்தவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான்.

பெரிய பதவியில் இருந்தவரை அந்தக் காரணத்துக்காகவே தலைவராக்கினால் இதுதான் நடக்கும். அவர் நல்லவராகக்கூட இருக்கலாம், ஆனால் அவர் பேசிய பிறகு வேறு யாரும் பேச மாட்டார்கள், அவர் சொன்ன கணக்கை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மரியாதை கொடுக்க வேண்டும் என்றால் போசகர் என்ற கௌரவப் பதவியைக் கொடுங்கள். தலைவர் பதவிக்குத் தேர்தல் வையுங்கள், இரண்டு வருடத்துக்கு மேல் தொடர்ந்து ஒருவரே இருக்கக் கூடாது என்று யாப்பிலேயே, அதாவது சங்கத்தின் விதிகளிலேயே எழுதுங்கள். மேசையைத் தூக்கிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் வட்டமாகப் போட்ட பிறகுதான் அந்தக் கணக்கப்பிள்ளை உட்கார்ந்தார்.

யாரை உறுப்பினராகச் சேர்ப்பது என்பதிலும் இதே நோய் இருக்கிறது. ஸ்டாஃப், அதாவது தொழிலாளர் அல்லாத உத்தியோகத்தர்கள் மட்டும் போதும் என்று பல சங்கங்கள் முடிவு கட்டிவிடுகின்றன. 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் நெடுங்காலம் வெள்ளைக்காரத் துரைமாருக்கு மட்டும்தான் இடம் இருந்தது, கிளப் என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஆட்களுக்கு வெளியே நிற்கும் ஞாபகம்தான் வரும். அப்படிப்பட்ட மண்ணில் கம்பெனியின் ஓய்வு பெற்றோர் சங்கம் என்று பெயர் வைத்துவிட்டு, முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்த அம்மாவையும், எத்தனையோ பிள்ளைகளைக் கையில் ஏந்திய தோட்டத்து மருத்துவிச்சியையும் வெளியே விட்டால் அது யாருடைய சங்கம்? சந்தாவை அவரவர் வசதிக்கு இரண்டு தரமாக வையுங்கள், கதவை ஒன்றாக வையுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். சங்கத்தின் காசு தனி ஒருவர் பெயரில் உள்ள கணக்கில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவர் கண்ணை மூடினால் அந்தக் காசு சட்டப்படி அவருடைய வாரிசுகளின் விவகாரமாகிவிடும், துக்கத்தில் இருக்கிற குடும்பத்திடம் போய் நாம் நிற்க வேண்டிவரும். சங்கத்தின் பெயரில் கணக்கு திறக்க யாப்பும், கணக்கு திறக்கும் தீர்மானம் எழுதிய கூட்ட அறிக்கையும் கேட்பார்கள், பிரதேச செயலகத்தில் பதிந்திருந்தால் இன்னும் சுலபம். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் எந்த இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் வர வேண்டும்.

தொண்டு என்றால் கைக்காசு போட்டுச் செய்வது என்று நினைப்பதும் தவறு. இது பார்க்க நல்ல குணம் போலத் தெரியும். மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்கு மாதம் மூன்று தடவை பஸ்ஸில் வந்துபோகிற பொருளாளர், போனுக்கு ரீலோட் போடுகிற செயலாளர், போட்டோ கொப்பிக்கு இருநூறு முந்நூறு கொடுக்கிறவர், இவர்கள் எல்லாம் ஒரு வருடம் தாங்குவார்கள், இரண்டாம் வருடம் வீட்டில் கேள்வி வரும், மூன்றாம் வருடம் சொல்லாமல் விலகிவிடுவார்கள். அப்புறம் பொறுப்புக்கு வரக்கூடியவர்கள் வசதி உள்ளவர்கள் மட்டுமே. பஸ் கூலியைச் சங்கமே கொடுக்கட்டும், கணக்கில் எழுதட்டும், வேண்டாம் என்கிறவரும் வாங்கிவிட்டு விரும்பினால் நன்கொடையாகத் திருப்பிக் கொடுக்கட்டும். அப்போதுதான் வாங்குகிற ஏழைக்குக் கூச்சம் இருக்காது.

மரண உதவித் தொகையில் விழுந்த சங்கங்கள் பல. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 உறுப்பினர், மாதம் 100 ரூபாய் சந்தா, எல்லோரும் ஒழுங்காகக் கட்டினால் வருடத்துக்கு 96,000. சாவுக்கு 25,000 என்று உணர்ச்சிவசப்பட்டு அறிவித்துவிட்டால், நான்காவது சாவுக்கே காசு போதாது. எல்லோரும் எழுபதைத் தாண்டுகிற சங்கத்தில் வருடத்துக்கு நான்கு என்பது பெரிய எண்ணிக்கை இல்லை. முதலில் போனவருக்குக் கொடுத்து, பிறகு போனவருக்கு இல்லை என்று சொல்வதைப் போல ஒரு குடும்பத்தை நோகடிக்கிற காரியம் வேறு இல்லை. ஒரு சாவு நடந்தால் ஒவ்வொருவரும் இவ்வளவு என்று அந்தந்த நேரம் சேர்த்து, சேர்ந்ததைக் கொடுப்பது எங்களுக்கு ஒத்துவந்தது. சந்தாக் காசைத் தொடுவதே இல்லை.

இனி வரலாறு. பல சங்கங்கள் நினைவு மலர் வெளியிடும்போது கதையை 1992இலிருந்து தொடங்குகின்றன, ஏனென்றால் இப்போதைய கம்பெனியின் பெயர் அப்போதுதான் வந்தது. அந்த வருடம் அரசாங்கத் தோட்டங்களை 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள், அது உண்மை. ஆனால் நம்முடைய ஆட்கள் அதற்கு முன் எங்கே இருந்தார்கள்? 1975இல் ஸ்டெர்லிங் கம்பெனிகள் என்ற பிரித்தானியக் கம்பெனிகளின் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, பிறகு அவை ஜே.ஈ.டி.பி. (மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை) என்றும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்றும் இரண்டு கைகளில் இருந்தன. 1970இல் வேலைக்குச் சேர்ந்து 2005இல் ஓய்வு பெற்ற ஒருவர் அதே மலையில், அதே ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) நின்றபடி மூன்று முதலாளிமாரைப் பார்த்திருக்கிறார். பெயர்ப்பலகைதான் மாறியது. கம்பெனியின் வரலாற்றை எழுதினால் அது 1992இல் தொடங்கட்டும், சங்கத்தின் வரலாறு ஆட்களின் வரலாறு, அது அவர்கள் முதல் நாள் பிரட்டுக்கு, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்குப் போனதிலிருந்து தொடங்க வேண்டும். 1975இல் இருபது வயதில் சேர்ந்தவர் இப்போது எழுபதைத் தொட்டுவிட்டார். நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட நேரம் இல்லை.

கேட்கும்போது "எந்த வருடம்?" என்று நெருக்காதீர்கள். நெருக்கினால் ஏதோ ஒரு வருடத்தைச் சொல்லிவிடுவார்கள், அது அச்சில் ஏறிவிடும். அவர்களுடைய நாட்காட்டி வேறு. "தோட்டத்தை அரசாங்கம் எடுத்த நேரம்", "பாணுக்கு வரிசையில் நின்ற பஞ்ச காலம்", "பொம்பளைக்கும் ஆம்பளைக்கும் சம்பளம் ஒன்றாக்கிய வருஷம்" என்று சொல்வார்கள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வருடத்தை நீங்கள் பொருத்தலாம்: பஞ்சம் 1973, 74, சம்பளம் சமமானது 1984. 1977, 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரங்களைப் பற்றிப் பேச விரும்பாதவர்களை விட்டுவிடுங்கள், பேசுகிறவர்களைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

பழைய படங்களில் முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் பெயரை மட்டும் போடுவது வழக்கமாகிவிட்டது. பின்னால் நிற்கிறவர்களின் பெயரைத்தான் முதலில் தேட வேண்டும், அவர்களை அடையாளம் காட்டக்கூடியவர்கள்தான் வேகமாகக் குறைகிறார்கள். அதே படங்களில் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குப் போனவர்களும் நிற்பார்கள். தலைமன்னாரில் கப்பலேறினார்கள், அத்தோடு அவர்கள் கதை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைக்குள்ளேயே அவர்கள் மறுபடியும் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். எங்கள் படம் ஒன்றில் யாருக்கும் பெயர் தெரியாத ஐந்து பேரின் பெயரைக் கூடலூரிலிருந்து ஒரு அம்மா வாட்ஸ்அப்பில் சொன்னார். அதில் ஒருவர் அவருடைய அப்பா.

ஆட்கள் சிதறிப்போவதைக் கணக்கில் எடுக்காததும் ஒரு தவறு. ஸ்டாஃபுக்கு வேலை போனால் குவாட்டர்ஸும் போய்விடும். ஓய்வு பெற்ற மாதமே விலாசம் மாறுகிறது, சிலர் டவுனில் வாடகைக்கு, சிலர் வத்தளையில் மகனோடு, சிலர் வவுனியாவில். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் இருப்பவருக்கோ கடிதம் தோட்ட ஆபீஸுக்குத்தான் வரும், கைக்குக் கிடைக்க எத்தனையோ நாளாகலாம். அதனால் உறுப்பினரின் நம்பரோடு மகன், மகள் யாராவது ஒருவரின் நம்பரையும் வாங்குங்கள், ஒவ்வொரு தை மாதமும் எல்லோருக்கும் ஒரு தடவை அழைத்துச் சரிபாருங்கள். கூட்டத்தைக் காலை பத்துக்கு வைத்து ஒரு மணிக்கு முடியுங்கள், ஆடி மழையில் பொகவந்தலாவ பஸ்ஸைத் தவறவிட்ட எழுபத்தைந்து வயதுக்காரர் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார்.

கம்பெனி மண்டபம் தருகிறது, புத்தாண்டுக்குத் தேயிலைப் பொதி தருகிறது என்றால் நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம். அதை நம்பியே சங்கத்தை நடத்தக் கூடாது, மனேஜர் மாறினால் மண்டபமும் போய்விடும். அதேபோல எந்தத் தொழிற்சங்கக் கொடிக்கும் கட்சி மேடைக்கும் சங்கத்தைக் கொடுத்துவிடாதீர்கள், தேர்தல் காலத்தில் சால்வை போட ஆள் தேடி வருவார்கள்.

அதற்காக உறுப்பினரின் கஷ்டத்தில் கை கழுவ வேண்டும் என்று அர்த்தமில்லை. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடமாவது வேலை செய்தவருக்கு, வேலை முடிந்து 30 நாளுக்குள் அந்தக் காசைக் கொடுக்க வேண்டும்: மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம், நாட்கூலிக்காரருக்கு 14 நாள் சம்பளம். இதைத் தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய தலைவலி பெயர். அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் ஒரு பெயர், சேமலாப நிதியில் வேறொரு எழுத்து. ராமாயி ராமாய் ஆகி, ராமையா ஆகி, ஒரு பெண் கடதாசியில் ஆணாகிவிடுகிறாள், அவளுடைய காசு நின்றுவிடுகிறது. அந்தப் பெயர்களை எழுதியவர்கள் நாங்கள், தோட்ட ஆபீஸில் உட்கார்ந்திருந்த கிளாக்கர்மார். எந்தக் காலத்தில் எந்தப் புத்தகத்தில் யார் எப்படி எழுதினார்கள் என்று எங்களுக்குத்தான் தெரியும். மாதத்தில் முதல் ஞாயிறு இரண்டு பழைய கிளாக்கர்கள் சங்கத்தில் உட்கார்ந்து, படிவம் நிரப்பி, எந்தக் கடிதம் எங்கே வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். காசு வாங்குவதில்லை. அந்த ஞாயிறுகளில்தான் எங்கள் சங்கத்துக்கு அதிகமாக ஆட்கள் வருகிறார்கள், புதிய உறுப்பினர்களும் அப்படித்தான் சேர்கிறார்கள்.

பொறுப்பைக் கைமாற்றும் விதத்தையும் இப்போது மாற்றிவிட்டோம். வருடாந்தப் பொதுக் கூட்டத்தில் பழைய செயலாளர் ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்லி மேசையில் வைப்பார்: அறிக்கைப் புத்தகம், ரசீதுப் புத்தகம், பாஸ் புத்தகம், முத்திரை, சங்கத்து சிம் கார்டு, அதன் பூட்டு எண் எழுதிய ஒட்டிய உறை, படங்கள் உள்ள தகரப் பெட்டி, அதன் இரண்டு சாவிகள். புதியவர் எண்ணி எடுத்துக் கையெழுத்துப் போடுவார். போன தடவை அந்தப் பட்டியலை வாசித்தவர் இறந்துபோன செயலாளரின் மனைவி, அவர் இப்போது எங்கள் பொருளாளர்.